தேசவழமையும் தன்பாலார் திருமணமும்: ஒரு மறுப்புரை

சென்ற ஆண்டு எமது சங்கம் நடாத்திய விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றிலே, “தன்பாலார் திருமணத்தை இலங்கைச் சட்டம் அங்கீகரித்தல் வேண்டும்” என்னும் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனை எதிர்த்து வாதிட்ட அணியினரே வெற்றி பெற்றனர். அவர்கள் வென்றமை பற்றி எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. விவாத மேடையில் உண்மை தோற்பது புதுமையன்று. ஆயின் அவர்கள் வென்ற முறைமை பற்றிச் சில கூற வேண்டியிருக்கின்றது.

முதற் பேச்சாளர், இது மேனாட்டிலிருந்து எமது மண்ணில் இறக்கப்பட்ட சரக்கு என்றார். இரண்டாமவர், திருமணம் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழர் மாறாது பேணிவந்த புனித நிறுவனம் என்றார். மூன்றாமவர் வாதம் எதனையும் முன்வைத்தாரல்லர். “உங்கள் அக்கா ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்து, ‘தம்பி, இவர்தான் உன் அத்தான்’ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?” என்று அவையை நோக்கி ஒரு வினாவை வீசினார். மண்டபம் அதிரச் சிரித்தது. நடுவர்களும் சிரித்தனர். பார்வையாளர் வரிசையில் இருந்த நானும் சிரித்தேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அறைக்குத் திரும்பிய பின்னரே, மூன்று பேச்சாளரிலும் மூன்றாமவரே தம்மையறியாது உண்மையைத் தொட்டவர் என்பது எனக்குப் புலனாயிற்று. அவருடைய வினாவுக்குப் பின்னர் வருவேன். முதலிருவரின் கூற்றுக்களை முதலில் நோக்குதல் முறை.

‘மேனாட்டுச் சரக்கு’ என்ற வாதத்தைக் கேட்டு வேறெவர் வாளாவிருப்பினும், தீவகத்தில் பிறந்தவர் வாளாவிருத்தல் அரிது. நான் பிறந்த நெடுந்தீவை அரசாங்கப் பத்திரங்கள் இன்றும் டெல்வ்ற் என்றே குறிக்கின்றன. 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாயகத்து நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்குச் சூட்டினர். ஊர்காவற்துறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம் எனப்பட்டது. ஏனைய பெயர்கள் வழக்கொழிந்துபோக, டெல்வ்ற் மாத்திரம் எஞ்சியது. பெயர்கள் போயினும் வேறொன்று போகவில்லை. 1707ஆம் ஆண்டு, ஆள்பதி சைமன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை, எம்மவரின் வழக்காறுகளைத் திரட்டி ஒல்லாந்த மொழியில் எழுதி முடித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரிடம் காட்டப்பட்டது. அவர்கள் ‘சரி’ என்றனர். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர்.

எமது காணி, சீதனம், முதுசம், தேடியதேட்டம் யாவும் இன்றளவும் அந்த ஏட்டின் வழியே நடக்கின்றன. பன்னிருவரும் ஆண்கள், பன்னிருவரும் முதலிமார். நெடுந்தீவில் மாடு மேய்த்தவரிடமோ, ஊர்காவற்துறையில் தோணியில் சுமை ஏற்றியவரிடமோ, அவர்தம் மனைவியரிடமோ ‘உங்கள் வழமை யாது?’ என்று எவரும் கேட்டாரல்லர். ஓர் ஒல்லாந்த உத்தியோகத்தர் எழுத, பன்னிரு பெரியவர்கள் தலையசைக்க, ஓர் ஆங்கில ஆள்பதி முத்திரையிட்டதனையே நாம் ‘எங்கள் தொன்மையான வழமை’ என்கின்றோம்.

அதுவும் சொத்துக்கே. யாழ்ப்பாணத்துத் தமிழர் இருவர் சட்டப்படி கணவன் மனைவியாவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழாகும். அது ஆங்கிலேயர் ஆக்கியது. அவர்களுக்கிடையிலான சொத்துறவை வகுப்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம். அதுவும் அவர்கள் காலத்ததே. இனி, தன்பாலார் உறவைக் குற்றமாக்குவதும் எமது முன்னோர் இயற்றியதன்று. மெக்காலே வகுத்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டக் கோவையைப் பின்பற்றி 1883இல் இங்கு ஆக்கப்பட்ட கோவையின் 365ஆம் பிரிவு அது. ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவு என்பது அதன் வாசகம். பத்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். 365அ என்னும் பிரிவு ‘பாரதூரமான இழிசெயல்’ என்ற பெயரில் இரண்டாண்டு வரை விதிக்க இடமளிக்கின்றது. முன்னர் ஆண்களை மாத்திரமே குறித்த இப்பின்னைய பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது ‘ஆள்’ என்ற சொல்லால் பெண்களையும் அணைத்துக்கொண்டது. ஆண் பெண் சமத்துவம் எமது சட்டப் புத்தகத்தில் இத்துணை விரைவாகக் கைகூடிய இடம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே, இறக்குமதிச் சரக்கு எது என்பதை நண்பர் மீண்டும் சிந்திப்பாராக. விற்றவர்கள் அச்சரக்கைக் கைவிட்டுப் பல காலமாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோரின் தனிமையிலான உறவு 1967இலேயே குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2014இல் திருமணமும் அனுமதிக்கப்பட்டது. ஒல்லாந்தரின் கதை இன்னும் சுவையானது. அவர்கள் பிறவியிலேயே பரந்த மனத்தினர் அல்லர். தேசவழமை எழுதப்பட்டு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1730ஐ ஒட்டிய காலத்தில், தன்பாலுறவுக் குற்றஞ்சாட்டி மக்களைத் தம் நகரங்களில் கூட்டங்கூட்டமாக விசாரித்துக் கொன்றவர்கள் அவர்கள். அதே நாடு, 2001 ஏப்ரல் 1ஆந் திகதி, உலகில் முதன்முதலாகத் தன்பாலார் திருமணத்தைச் சட்டமாக்கியது. அன்று நள்ளிரவில் அம்ஸ்ரடாம் மாநகர மண்டபத்திலே நகரபிதாவே முன்னின்று நான்கு சோடிகளுக்கு மணம் செய்துவைத்தார். காரைதீவுக்குப் பெயர் தந்த அதே அம்ஸ்ரடாம். தந்தவர் மாறினார், பெற்றவராகிய நாம் அவர் 1707இல் எழுதிய ஏட்டைப் பிடித்துக்கொண்டு ‘மரபு’ என்கின்றோம்.

இன்னொன்றும் உண்டு. தீவகத்து மக்களிற் பெருந்தொகையினர் இன்று வாழுமிடம் தீவகமன்று. புங்குடுதீவாரையும் நயினாதீவாரையும் வேலணையாரையும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் காணலாம். கனடாவில் 2005 முதலும், பிரான்சில் 2013 முதலும், சுவிற்சர்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பின் பின் 2022 யூலை முதலும் தன்பாலார் திருமணம் சட்டபூர்வமானது. எனவே புங்குடுதீவுத் தாய் தந்தையர்க்கு ரொறன்ரோவில் பிறந்த மகன் ஒருவன் தான் விரும்பும் ஆடவனை நாளையே மணக்கலாம். அந்த விவாகப் பத்திரத்தோடு அவன் குறிகட்டுவான் துறையில் வந்து இறங்கினால் அது வெறுந்தாள். அவன் அனுப்பும் காசு மாத்திரம் தாளன்று. திருவிழா உபயத்துக்கு அது செல்லும், பெயர்ப்பலகையும் ஏறும்.

இரண்டாம் பேச்சாளர் தொல்காப்பியரைத் துணைக்கழைத்தார். அவரை அழைத்ததற்கு நன்றி. அகத்திணை ஒருவனும் ஒருத்தியும் கொள்ளும் காதலையே பேசுகின்றது என்பதில் ஐயமில்லை. அதனை மறைத்து, பழந்தமிழிலே தன்பாற் காதல் கொண்டாடப்பட்டது என்று வலிந்து பொருள்கொள்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. கோப்பெருஞ்சோழனுக்காகப் பிசிராந்தையார் வடக்கிருந்து உயிர்நீத்ததை நட்பென்றே மரபு கொண்டது. அது அவ்வாறே இருக்கட்டும். ஆயின் ‘மாறாத நிறுவனம்’ என்ற கூற்றைத் தொல்காப்பியரே தாங்கமாட்டார். கற்பியலிலே, கரணம் என்னும் திருமணச் சடங்கு ஆதியில் இருந்ததாக அவர் கூறவில்லை. பொய்யும் வழுவும் தலைகாட்டியபின் பெரியோர் அதனை வகுத்தனர் என்கின்றார். அஃதாவது, ஒருவரை ஒருவர் கைவிடாதிருக்கச் சமூகம் கண்ட பாதுகாப்பே கரணம். இன்னொரு நூற்பாவில், மேலோர் மூவர்க்கு உரியதாயிருந்த கரணம் கீழோர்க்கும் ஆகிய காலம் உண்டு என்கின்றார். ஒரு சாரார்க்கே உரியதாயிருந்த திருமணச் சடங்கு மறுசாரார்க்கும் விரிவாக்கப்பட்டது என்பதை எமது ஆதி இலக்கணமே பதிவு செய்துள்ளது. அந்நாளிலும் ஒரு விவாத மேடை இருந்திருந்தால், ‘கீழோர்க்கும் கரணமா?’ என்று கேட்டு அவையைச் சிரிக்கவைத்தவர் ஒருவர் கோப்பையோடு வீடு சென்றிருப்பார்.

பின்னைய வரலாறும் அவ்வாறே. அகநானூற்றின் மணப்பாடல்களில் தீவலம் இல்லை, புரோகிதர் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது இரண்டும் உள. தமிழகத்திலே சுயமரியாதை இயக்கத்தார் இரண்டையும் மீண்டும் நீக்கினர். அத்திருமணங்கள் சட்டப்படி செல்லா என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்த்தது. அவ்வாறு மணந்தோர் அத்தீர்ப்புக்குப் பின்னரும் கணவன் மனைவியராகவே வாழ்ந்தனர். 1967இல் அண்ணாதுரை அரசாங்கம், ஏற்கெனவே நடந்துமுடிந்தவற்றையும் உள்ளடக்கி, அவை செல்லும் எனச் சட்டமியற்றியது. மக்கள் முன்னே நடந்தனர். சட்டம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தது. இதில் எதனை ‘மாறாதது’ என்பது?

தேசவழமையே மாறியிருக்கின்றது. 1707ஆம் ஆண்டு ஏட்டிலே அடிமை குடிமைகள் பற்றித் தனி அதிகாரம் ஒன்று உண்டு. அடிமைகளின் திருமணமும் அவர்தம் பிள்ளைகளும் யாருக்கு உரியர் என்பதெல்லாம் அதில் வகுக்கப்பட்டிருந்தது. பன்னிரு முதலிமாரும் அதற்கும் ‘சரி’ என்றே கூறியிருந்தனர். 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது அவ்வதிகாரம் செத்த எழுத்தாயிற்று. அதனைத் ‘தமிழர் பண்பாடு’ என்று கூறி மீட்டுத் தருமாறு இன்று எவரும் கேட்பதில்லை, கேட்க நாணுவர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் நின்றபோது, மரபு, புனிதம், ஆகமம் என்ற அதே சொற்கள் அதே குரலில் ஒலித்தன. அன்று வாயிலை மறித்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று அது பற்றிப் பேச விரும்புவதில்லை. எமது நண்பர்களின் பேச்சுக்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருக்கின்றன என்பதை மாத்திரம் இங்கு நினைவூட்டுகின்றேன்.

இனி விவாதத்தின் மிகப் பெரிய குறைக்கு வருவோம். ஆறு பேச்சாளரும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பேசினர். அறுவருள் ஒருவரேனும் 365ஆம் பிரிவைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆதரித்துப் பேசியோரும் ‘அன்பு’, ‘சுதந்திரம்’ என்று அழகாகப் பேசினரேயன்றி, சட்டப் புத்தகத்தைத் திறந்தாரல்லர். இலங்கையில் எழும் வினா ‘இவர்கள் மணக்கலாமா?’ என்பதன்று, ‘இவர்கள் ஒரே கூரையின் கீழ் அச்சமின்றி உறங்கலாமா?’ என்பதே முதல் வினா. பத்தாண்டுச் சிறையைத் தலைமேல் தொங்கவிட்டுக்கொண்டு திருமணத்தின் புனிதம் பற்றி விவாதிப்பது, பட்டினியாளர் முன்னிலையில் பந்தி முறைமை பற்றி உரையாற்றுவதை ஒக்கும்.

‘அச்சட்டம் எவருக்கும் எதிராகப் பிரயோகிக்கப்படுவதில்லை’ என்று ஒருவர் பின்னர் என்னிடம் கூறினார். அது பிழை. 365அ பிரிவின் கீழ்த் தண்டிக்கப்பட்ட ஒருவரின் மேன்முறையீடு 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் முன் தீர்க்கப்பட்டது. வயது வந்தோர் உடன்பட்டுக் கொள்ளும் உறவில் அரசு தலையிடலாகாது என்பதே இக்காலச் சிந்தனை என நீதியரசர் குறிப்பிட்டார். ஆயினும் சட்டம் ஏட்டில் இருக்கின்றமையால் குற்றத்தீர்ப்பை நீக்க இயலவில்லை; சிறைத் தண்டனையை ஒத்திவைக்கவே முடிந்தது. 2022இல் அக்கரைப்பற்றில், தமிழகத்திலிருந்து வந்த பெண்ணும் அவ்வூர்ப் பெண்ணும் ஒன்றாக வாழ விரும்பியபோது, தந்தை பொலிசில் முறையிட, இருவரும் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். எவரையும் அடிக்காத, எதனையும் திருடாத இருவர் ஒருவரையொருவர் விரும்பியமைக்குக் கிடைத்தது அதுவே.

இந்தியாவைப் போன்று இங்கு நீதிமன்றம் அப்பிரிவைத் தானாகவே வெட்டியெறிய முடியாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அங்கே 2018 செப்டெம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை வயது வந்தோரைப் பொறுத்தவரை செல்லாததாக்கியது. 1978ஆம் ஆண்டின் எமது அரசியலமைப்பிலோ 16ஆம் உறுப்புரை உண்டு. அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் யாவும், அடிப்படை உரிமைகளோடு முரண்படினும், தொடர்ந்து வலுவுடையனவாம். விக்ரோரியா மகாராணியின் காலத்து ஒழுக்க நெறிக்குக் குடியரசின் அரசியலமைப்பு காவல் நிற்கின்றது. எனவே பாராளுமன்றமே இதனை நீக்க வேண்டும். 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொணர்ந்தார். அதற்கெதிராக மனுக்கள் தாக்கலாயின. அவ்வாண்டு மே மாதம் உயர் நீதிமன்றம், அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்மானித்தது. கதவு திறந்தே கிடந்தது, நுழைவாரைக் காணோம். 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலமும் நிறைவேறாமலே மடிந்தது. எமது மக்களின் உரிமைகளுக்காக நாள்தோறும் அறிக்கை விடும் எமது தலைவர்கள் இவ்விடயத்தில் தம் குரலை எத்துணைச் சிக்கனமாகச் செலவிட்டனர் என்பதை வாசகர் அறிவர்.

குற்றப் பிரிவை நீக்கிவிட்டால் போதாதா, திருமணமும் வேண்டுமா என்று கேட்போர் உளர். நடுநிலையாளர் பலர் நிற்குமிடம் இதுவே. அவர்களுக்கு நான் ஒரு வீட்டைக் காட்ட விரும்புகின்றேன்.

தீவகத்தின் ஓர் ஊரிலே இரண்டு பெண்கள் ஒரே வளவில் வாழ்ந்தனர். ஊரின் பெயரைக் கூறேன். ஒருவரை ஊரார் ‘தையலக்கா’ என்பர். மற்றவர் ஆடு வளர்த்தார். இருவரும் மணம் முடிக்கவில்லை. அவர்களிடையே இருந்த உறவுக்குப் பெயர் சூட்டுவது என் வேலையன்று, ஊரும் சூட்டவில்லை. போரில் ஒன்றாக இடம்பெயர்ந்தனர்; வன்னியில் ஒரே கொட்டிலில் இருந்தனர்; ஒன்றாகத் திரும்பிவந்து, இடிந்து கிடந்த வீட்டை இருவர் உழைப்பிலும் மீளக் கட்டினர். கூரைத் தகரம் தையற் காசு. சுவர்ச் சீமெந்து ஆடு விற்ற காசு. காணி தையலக்காவின் தாய்வழி உரிமை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு வாழ்ந்தபின் தையலக்கா இறந்தார். செத்தவீட்டில் “உரித்துக்காரர் ஆர்?” என்று ஐயர் கேட்டபோது, தலைமாட்டில் இருந்தவர் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்த தமையன் பிள்ளைகளின் சார்பில் தூரத்து உறவினர் ஒருவர் கொள்ளி வைத்தார். எட்டுச் செலவு முடிந்து சில மாதங்களில் அற்றோணித் தத்துவத்துடன் ஒருவர் வந்தார். மரியாதையாகவே பேசினார். மூன்று மாத அவகாசமும் தந்தார். தேசவழமைப்படி, மணமாகாது பிள்ளையின்றி இறந்தவரின் முதுசம் சகோதரவழிக்கே சேரும். எனவே அவர் செய்தது சட்டப்படி தவறே அன்று. அதுவே என் முறைப்பாடு.

‘மரண சாசனம் எழுதியிருக்கலாமே’ என்று சட்டம் படிக்கும் நண்பர் கூறினார். எழுதியிருக்கலாம். எமது ஊரில் கணவன் மனைவியருள் எத்தனை பேர் எழுதுகின்றனர்? அவர்கள் எழுதாதிருப்பதற்குக் காரணம், எழுதாமலே அவர்களைக் காக்கும் ஒன்றைச் சட்டம் முன்கூட்டியே தந்திருக்கின்றது. அதற்குப் பெயர் விவாகப் பதிவு. நொத்தாரிசுக்குக் கொடுக்கக் காசுள்ளவர், சட்டமறிந்தவர், ஊரறிய உறவைச் சொல்லத் துணிந்தவர் ஆகியோர் மாத்திரமே சாசனத்தால் தப்புவர். கூட்டுக்காணியின் பிரியாத பங்கைத் தோழிக்கு விற்க முனைந்தாலும், 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டத்தின்படி உடன்பங்காளருக்கே முதல் உரிமை. பிறத்தியார் நுழையாதபடி எல்லா வாயிலும் அடைக்கப்பட்ட வளவு அது. முப்பது ஆண்டு உடனிருந்தவர் அங்கே பிறத்தியார்.

எமது பழைய வழமை இத்துணைக் கல்நெஞ்சுடையதன்று என்பதே இதில் விசித்திரம். தேசவழமை ஏட்டிலே மகவேற்பு முறை ஒன்று கூறப்பட்டுள்ளது. பிள்ளையில்லாதோர் ஒரு பிள்ளையைத் தமதாக்க விரும்பினால், உரித்துடைய உறவினர் மஞ்சள் நீரில் விரல் தோய்த்துச் சம்மதம் தெரிவிப்பர். ஏற்போர் அந்நீரைப் பருகுவர். அதன்பின் அப்பிள்ளை உரித்துப் பிள்ளை. இரத்தத்தால் உறவல்லாதவரைச் சடங்கொன்றால் உறவாக்கும் வித்தையை எம் முன்னோர் அறிந்திருந்தனர். ஒரு செம்பு நீரும் சிறிது மஞ்சளும் நாலு பேரின் ஒப்புதலும் அதற்குப் போதுமாயிருந்தன.

இப்போது மூன்றாம் பேச்சாளரின் வினாவுக்கு வருகின்றேன். இருவரும் பெண்களாயின் ‘அத்தான்’ யார்? அவையின் சிரிப்பு இவ்விடத்திலேயே வெடித்தது. ஏன்? 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கள். மணமான பெண் தன் சொந்தக் காணியைத் தன் வாழ்நாளில் கைமாற்ற வேண்டுமாயின், கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தாய் தந்த சீதனக் காணியாயினும் அதுவே விதி. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. அதே சட்டத்தின்படி, ஒரு பெண்ணுக்குத் தேசவழமை பொருந்துமா பொருந்தாதா என்பதும் அவள் மணக்கும் ஆடவன் யாரென்பதைப் பொறுத்தது. பெண் தன் சட்டத்தையே கணவனிடமிருந்து பெறுகின்றாள். இச்சட்டம் இயங்க வேண்டுமாயின் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ‘அத்தான்’ இருந்தேயாக வேண்டும். சம்மதம் கொடுப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்.

இரு பெண்கள் மணந்தால் யார் யாரிடம் சம்மதம் கேட்பது? இரு ஆண்கள் மணந்தால் யார் யாருக்குச் சீதனம் கொடுப்பது? விவாகப் பதிவாளரின் பேனா அவ்விடத்தில் நின்றுவிடும். அது நிற்பது இயற்கை ஒழுங்கு கெட்டமையால் அன்று. எமது திருமணச் சட்டம், சமமான இருவர் மணக்கக்கூடும் என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதனாலேயே. எதிர்ப்பாளர் அஞ்சுவது படுக்கையறையைப் பற்றியதன்று. ஆள்பவர் இல்லாத வீடொன்று ஊரின் நடுவே எழும்பி, அயல்வீட்டு மனைவியர் அதனைப் பார்த்துவிடுவரே என்பதுதான் அச்சம். அண்ணன் தங்கையரின் சீதனத்துக்காகப் பத்தாண்டு கடலிலும் பாலைவனத்திலும் உழைத்து உருக்குலைவதை ‘இயற்கை ஒழுங்கு’ என ஏற்றுக்கொண்ட சமூகம், இருவர் எதனையும் பேரம் பேசாது சேர்ந்து வாழ்வதை மாறுபாடு என்கின்றது. நயினாதீவைப் பற்றிய மிகப் பழைய கதையே, மணியாசனம் ஒன்றின் உரித்துக்காக இரு நாக மன்னர் போரிட்ட கதைதான். சொத்துப் பிணக்கு எமக்கு அத்துணைப் பழைமையானது!

இடதுசாரித் தோழர்கள் சிலர் வேறொரு மறுப்புக் கூறுகின்றனர். காணாமலாக்கப்பட்டோர், காணி விடுவிப்பு, விலைவாசி என்று தலைக்குமேல் பிரச்சினைகள் இருக்க, இது மேற்றட்டினரின் பொழுதுபோக்கு என்பர். தையலக்காவின் வீடு மேற்றட்டு வீடன்று. ஒக்ரோபர்ப் புரட்சியின் பின் 1922ஆம் ஆண்டுச் சோவியத் தண்டனைக் கோவை சார் மன்னன் காலத்துத் தன்பாலுறவுக் குற்றத்தை விட்டொழித்ததையும், அதனை மீண்டும் குற்றமாக்கியது ஸ்ராலின் காலம் என்பதையும், 2022 செப்டெம்பரில் கியூப மக்கள் வாக்களித்துத் தன்பாலார் திருமணத்தை ஏற்றதையும் தோழர்கள் தம் வாசிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பெண்ணிலைவாதத் தோழியரின் மறுப்பு இதனினும் கனதியானது. அழுகிப்போன திருமண நிறுவனத்துக்குள் இவர்களையும் ஏன் தள்ள வேண்டும் என்கின்றனர். நியாயமான கேள்வி. ஆயின் ஒரு வீடு பாழானது என்று கூறி உள்ளே செல்ல மறுப்பது ஒன்று. வெளியே நிறுத்தப்பட்டிருப்பது வேறொன்று. மறுக்கும் உரிமையும் உள்ளே செல்லும் உரிமை உடையவர்க்கே உண்டு. தவிரவும், சமமான இருவர் உள்ளே நுழைந்தால் அந்த 6ஆம் பிரிவு அங்கே நிற்க முடியாது. அது இடிந்தால் வீட்டிலுள்ள ஏனைய பெண்களுக்கும் காற்று வரும்.

அயலில் நிகழ்வன கவனிக்கத்தக்கன. 2023 ஒக்ரோபர் 17இல் இந்திய உச்ச நீதிமன்றம், தன்பாலார் திருமணத்தை அங்கீகரிப்பது பாராளுமன்றத்தின் பொறுப்பு எனக் கைவிரித்தது. ஆயினும் 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறிப் பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்தது. இந்துக்கள் பெரும்பான்மையினராக வாழும் நேபாளத்தில் 2023 நவம்பரில் முதற் பதிவு நடந்தது. தாய்லாந்தில், தேரவாத பௌத்தம் தழைக்கும் நாட்டில், 2025 சனவரி முதல் சட்டம் நடைமுறையிலுள்ளது. ஆகவே சைவத்தையோ பௌத்தத்தையோ கேடயமாகத் தூக்குவோர், கேடயத்தின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது நன்று.

தையலக்காவின் வளவு இப்போது பூட்டிக் கிடக்கின்றது. உரித்துக்காரர் எவரும் இதுவரை வந்து பார்க்கவில்லை. திறப்பு அயல்வீட்டில் இருக்கின்றது. ஆடு வளர்த்தவர் வேலணைப் பக்கம் ஒரு தூரத்து உறவினர் வீட்டின் பின்விறாந்தையில் இருக்கின்றார், ஆடுகளை விற்றுவிட்டார். சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் நான் அவரைப் போய்ப் பார்த்தேன். விவாதம் பற்றி அவரிடம் எதுவும் கூறவில்லை. வளவின் கிணற்றை யாரும் இறைக்கிறார்களா, இறைக்காவிட்டால் தண்ணீர் உவராகிப்போகும் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கான பொருளைச் சங்கச் செயற்குழுவுக்கு இப்போதே முன்மொழிகின்றேன்: “தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் நீக்கப்படல் வேண்டும்.” ஆதரித்துப் பேச என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்துப் பேச சென்ற ஆண்டின் வெற்றி அணியினர் வருவார்களாயின் மகிழ்ச்சி. அவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள்: இம்முறை சட்டப் புத்தகத்தையும் உடன் எடுத்து வாருங்கள்.